மேட்டில் நிறுத்தும் வண்டி

எங்கள் ஊரில் ஒரு டிராக்டர் ஒழுங்காக ஸ்டார்ட் ஆகுமா என்று தெரிந்துகொள்ள அதைத் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ராத்திரி எங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். களத்திலோ கொட்டகையிலோ நின்றால் வண்டி சௌக்கியம். வாய்க்கால் கரை மேட்டில், மூக்கைச் சரிவுப் பக்கம் வைத்து, முன் சக்கரத்துக்கு ஒரு கருங்கல்லை அண்டக் கொடுத்து நின்றால், அது செல்ஃப் எடுக்காத வண்டி. காலையில் கல்லை உருட்டிவிட்டு, ஏறி உட்கார்ந்து, கியரைப் போட்டுக் கிளட்சை மிதித்துக்கொண்டு உருட்டி, பாதிச் சரிவில் கிளட்சை விட்டால் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் வண்டி ஆறு வருஷம் மேட்டில் நின்றது.

மாஸி பெர்குசன் 1035. மூன்று சிலிண்டர். அப்பா 1996-ல் வாங்கியது. சென்னை டாஃபேயில் செய்த வண்டி, சிம்சன் எஞ்சின். சிம்சன் கம்பெனி 1840-ல் மதராஸில் கோச்சு வண்டி கட்டுகிற கடையாகத் தொடங்கியது என்று எங்கோ படித்ததிலிருந்து எனக்கு ஒரு சிரிப்பு. குதிரைக்குப் பின்னால் கட்டுகிற வண்டியைச் செய்தவர்களின் எஞ்சின்தான் கடைசியில் எங்கள் வீட்டு உழவு மாடுகளைச் சந்தைக்கு அனுப்பியது. வண்டியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. முப்பது வருஷத்தை நெருங்குகிற எஞ்சின் அது. நாங்கள் அதை வைத்திருந்த லட்சணம்தான் கதை.

மன்னார்குடிப் பக்கம், கடைமடை. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் கல்லணை தாண்டி எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாள் பிடிக்கும். வந்தபிறகு யாரும் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்கள். சேறடிக்கிற வாரத்தில் வண்டி ஓடியாக வேண்டும். சேறடிக்கக் கேஜ் வீல் மாட்ட வேண்டும். முழு இரும்புச் சக்கரத்தோடு தார் ரோட்டில் ஏற முடியாது, அதனால் வேலை முடிகிற வரை ராத்திரியும் வண்டி வயலோரமே நிற்கும். அங்கே மேடு ஏது? கணுக்கால் சேற்றில் எதை உருட்டுவது?

அதனால் அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. டீ குடிக்கப் போனாலும் வண்டியை அணைக்க மாட்டோம். சாப்பிட உட்கார்ந்தாலும் அது பாட்டுக்கு வரப்போரம் நின்று பொட்டுப் பொட்டென்று அடித்துக்கொண்டிருக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் பக்கத்து வயல் வண்டியைக் கூப்பிட்டுக் கயிறு கட்டி இழுப்போம். அவர்கள் முகம் சுளிக்காமல் வந்ததெல்லாம் முதல் இரண்டு வருஷம்தான்.

போன குறுவைக்கு நான் லீவு போட்டு ஊரில் இருந்தேன். விடியற்காலை ஐந்தரை. அப்பா செல்ஃபை அடிக்கிறார். க்ர்ர்... க்ர்ர்... என்று இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. நாலு தடவை, ஐந்து தடவை. பேட்டரி முனகல் போடுகிறது. மடை திறந்து தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. பக்கத்து வயல்காரர் அவர் வேலையில் இருக்கிறார், கூப்பிட வாய் வரவில்லை. ஒன்பது மணிக்குத்தான் இழுத்து ஸ்டார்ட் செய்தோம். அன்றைக்கு ராத்திரி அப்பாவிடம், இதை ஒரு வழி பண்ணாமல் நான் கிளம்பமாட்டேன் என்று சொன்னேன். வாய்ச்சவடால்தான். எனக்கு எஞ்சின் பற்றி அப்போது அரைகுறையாகக்கூடத் தெரியாது.

அதற்கு முன் நாங்கள் ஒன்றும் செய்யாமல் இருந்தோம் என்று நினைக்க வேண்டாம். நிறையச் செய்தோம், அதுதான் வயிற்றெரிச்சல். முதலில் பேட்டரி போய்விட்டது என்றார்கள், புதுசு போட்டோம். ஒரு வாரம் சமத்தாக ஸ்டார்ட் ஆனது, பிறகு பழைய குருடி கதவைத் திறடி. அடுத்து செல்ஃப் மோட்டார் என்றார்கள். கழற்றி, டவுனுக்குக் கொண்டுபோய், கார்பன் பிரஷ், புஷ் எல்லாம் மாற்றி வந்தோம். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். மூன்றாமவர் வந்து, நின்றபடியே, "எஞ்சின் இறங்கிடுச்சுங்க, லைனர் பிஸ்டன் மாத்தினாத்தான்" என்றார். நாற்பதாயிரம் ஆகும் என்றார். அப்பா அன்றைக்கே மேட்டுக்கு ஒரு நல்ல கருங்கல்லாகப் பார்த்துக் கொண்டுவந்து போட்டார்.

மூன்று பேரில் ஒருவர்கூட எதையும் அளந்து பார்க்கவில்லை. இது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

சித்தப்பா முறையாகிற ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். பஸ் டிப்போவில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆடு வளர்க்கிறார், யார் வண்டியையும் தொடுவதில்லை. தொட்டால் ஊரில் உள்ள வண்டி எல்லாம் வாசலுக்கு வந்துவிடும் என்ற பயம். நான் போய் நின்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "செல்ஃப் அடிக்கும்போது சைலன்சர்ல புகை என்ன கலர்ல வருது?"

எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. ஆறு வருஷமாக எல்லோரும் செல்ஃபையும் பேட்டரியையும் பார்த்தோமே தவிர யாரும் சைலன்சரை அண்ணாந்து பார்க்கவில்லை.

"நாளைக்குக் காலையில பாத்துட்டு வா. அதுவரைக்கும் ஒரு ஸ்பானரையும் எடுக்காத."

பார்த்தேன். முதல் ஐந்தாறு அடிக்குப் புகையே இல்லை. பிறகு வெள்ளையாக, ஈர விறகு புகைகிற மாதிரி, கண்ணைக் கரிக்கிற புகை. பிடிக்கவில்லை. இழுத்துத்தான் பிடித்தது.

"அப்ப ரெண்டு வியாதி" என்றார் சித்தப்பா. புகையே வரவில்லை என்றால் டீசல் உள்ளே போகவில்லை. வெள்ளைப் புகை என்றால் டீசல் போகிறது, ஆனால் பற்றிக்கொள்ளவில்லை. கறுப்பு என்றால் டீசல் அதிகம், காற்று போதவில்லை, அது உனக்கு இல்லை.

டீசல் எஞ்சினுக்குப் பெட்ரோல் வண்டி மாதிரி பிளக்கும் பொறியும் கிடையாது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்புறம் எப்படிப் பற்றுகிறது? சைக்கிளுக்குக் காற்றடித்தவர்கள் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும். எஞ்சின் அதைப் பதினாறு பதினேழில் ஒரு பங்காக அமுக்குகிறது, ஐந்நூறு டிகிரியைத் தாண்டிப் போகும். அந்தச் சூட்டில் நாசில் வழியாக டீசல் பனி மாதிரி தூவப்பட்டால் தானே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1890-களில் ஜெர்மனியில் செய்து காட்டியது இதைத்தான். ஆனால் மெதுவாக அமுக்கினால் சூடு நிற்காது. இரும்பு அதைக் குடித்துவிடும், ரிங் ஓரமாகக் காற்றும் நழுவும். அதனால்தான் வேகம் முக்கியம். சித்திரை வெயிலில்கூட எங்கள் வண்டி ஸ்டார்ட் ஆகாததற்குக் குளிரைக் குற்றம் சொல்ல முடியாது. எஞ்சின் தன் சூட்டைத் தானே உண்டாக்க முடியாமல் கிடந்தது.

சித்தப்பா மறுநாள் வந்தார். கையில் ஒரு டார்ச், ஒரு பழைய துணி. அவ்வளவுதான். முதலில் ஸ்டாப்பர் கேபிளைப் பார்த்தார். வண்டியை அணைக்க இழுப்போமே, அது பாதியில் மாட்டிக்கொண்டு முழுசாகத் திரும்பாவிட்டால் பம்ப் டீசல் கொடுக்காது. இந்த ஒன்றுக்காகவே எஞ்சினைப் பிரித்தவர்களை அவருக்குத் தெரியுமாம். எங்களுடையது சரியாக இருந்தது. பிறகு குனிந்து டீசல் ஃபில்டர் அடியில் துணியால் துடைத்தார். அங்கே மண்ணும் டீசலும் சேர்ந்து கறுப்பாக மொழுமொழுவென்று ஒரு விரல் கனத்துக்கு அப்பியிருந்தது.

அப்பாவைப் பார்த்தார். "ராத்திரி டேங்க் டேப்பை மூடுறீங்களாண்ணே?"

"மூடாம? சொட்டுதுல்ல. விடிய விடிய விட்டா என்னத்துக்கு ஆவறது? டீசல் விக்கிற விலைக்கு..."

"எத்தனை வருஷமா?"

அப்பா யோசித்தார். "அது இருக்கும், அஞ்சாறு வருஷம்."

சித்தப்பா சிரிக்கவில்லை. நான்தான் தலையில் அடித்துக்கொண்டேன், எனக்கு அது பிறகுதான் புரிந்தது என்றாலும். இந்த வண்டியில் டேங்க் உயரத்தில் இருக்கிறது, டீசல் தானாகக் கீழே இறங்கும். டேப் திறந்திருந்தால் கசிகிற இடத்தில் டீசல் வெளியே வரும், காற்று உள்ளே போகாது. டேப்பை மூடிவிட்டால்? கசிவு நிற்காது. டேப்புக்குக் கீழே ஃபில்டரிலும் பைப்பிலும் இருக்கிற டீசல் சொட்டுச் சொட்டாக இறங்கிப்போகும். அது காலி செய்த இடத்தில் அந்த ஓட்டை வழியாகவே காற்று ஏறி உட்கார்ந்துகொள்ளும். காலையில் டேப்பைத் திறந்து செல்ஃப் அடித்தால் பம்புக்குக் கிடைப்பது டீசல் அல்ல, காற்று. காற்றை அமுக்கிப் பம்பால் நாசிலைத் திறக்க முடியாது. அது ஸ்பஞ்சை அமுக்குவது மாதிரி. மத்தியானம் அணைத்துவிட்டு உடனே போட்டால் ஸ்டார்ட் ஆனதும், காலையில் ஆகாததும் இதனால்தான். மேட்டில் உருட்டினால் பிடித்ததும் இதனால்தான். உருளும்போது எஞ்சின் வேகமாக, நீளமாகச் சுற்றும், அந்தச் சுற்றில் காற்றெல்லாம் வெளியே தள்ளப்படும். மேடு எங்களுக்கு ஆறு வருஷம் ஏர் எடுத்துக் கொடுத்திருக்கிறது.

அப்பா அரை லிட்டர் டீசலை மிச்சம் பிடித்தார். அதற்காக டீ நேரமெல்லாம் வண்டியை ஓடவிட்டு எவ்வளவு எரித்தோம் என்ற கணக்கை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஊரில் இருக்க முடியாது.

ஃபில்டர் இரண்டையும் மாற்றினோம். ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர் கேஸ்கட் அப்பளம் மாதிரி ஒடிந்தது. பைப் போல்ட்டுகளின் காப்பர் வாசர்கள் முறுக்கி முறுக்கிக் கல்லாகியிருந்தன. புதுசுக்கு டவுனுக்குப் போக வேண்டும், அன்றைக்கு ஞாயிறு. சித்தப்பா அவற்றைக் கம்பியில் கோத்து எங்கள் வீட்டு கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டார். "பால் காய்ச்சுற அடுப்பு" என்று அம்மா சத்தம் போட்டார். ஆறியபின் ஒரு வாசரை என் கையில் கொடுத்தார். காலையில் விறைப்பாக இருந்த செம்பு, விரலுக்கு இணங்கியது. மறுபடி இறுக்கினால் படிந்து உட்காரும். இந்த வித்தையைக் கற்றதற்காகவே லீவு வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஏர் எடுப்பது தனி வேலை. டேங்க் பக்கத்திலிருந்து ஆரம்பித்து நாசில் பக்கம் போக வேண்டும். முதல் ஃபில்டர், இரண்டாவது ஃபில்டர், பிறகு பம்ப். ஒவ்வொன்றிலும் ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டு, பீடு பம்பின் கை லீவரை அடிக்க வேண்டும். என் கையில் லீவர் தொளதொளவென்று ஆடியது, டீசல் வரவில்லை. பீடு பம்ப் போச்சு என்று முடிவு கட்டிவிட்டேன். சித்தப்பா, "எஞ்சினை ஒரு அரைச் சுத்து சுத்து" என்றார். எங்கள் பம்ப் டயாஃப்ரம் வைத்தது. உள்ளே கேம் அதை ஏற்கெனவே அமுக்கிப் பிடித்திருந்தால் கை லீவருக்கு வேலை இருக்காது. சுற்றிவிட்டு அடித்தேன், கை கனத்தது. முதலில் சோப்பு நுரை மாதிரி பொங்கியது, பிறகு பொரிப்பொரியாகக் குமிழி, பிறகு குமிழியே இல்லாமல் தெளிந்த கம்பியாக வந்தது. அந்த நிமிஷத்தில் ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். இதை எழுத்தில் சொன்னால் சப்பென்று இருக்கிறது. நேரில் பார்க்கும்போது அந்தத் தெளிந்த டீசல் அவ்வளவு அழகு.

நாசில் பக்கம் நட்டைத் தளர்த்தும்போது மட்டும் முகத்தையும் கையையும் எட்ட வைக்கச் சொன்னார். நாசில் திறக்கிற அழுத்தம் நூற்றெழுபது, இருநூறு வளிமண்டலம். அந்த வேகத்தில் ஊசியாக வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்கச் சின்னப் புள்ளியாக இருக்கும், விரலையே எடுக்க வேண்டி வரலாம். கசிகிறதா என்று விரல் வைத்துப் பார்க்கவே கூடாது, ஒரு அட்டையைக் காட்டிப் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை முதல் அடியிலேயே புகை வந்தது. வெள்ளைப் புகை. ஆக முதல் வியாதி தீர்ந்தது. இனி சூடு.

இங்கே என் பங்கு கொஞ்சம் உண்டு, பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன். வீட்டு ஒயரிங் பார்க்க நான் வைத்திருக்கிற மல்டிமீட்டர் பையில் இருந்தது. பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட், நிறைந்த பேட்டரி. செல்ஃப் அடிக்கும்போது 10.6. அதுவும் தேவலை. அப்புறம் ஏன் செல்ஃப் இப்படி இழுக்கிறது? சித்தப்பா, "ஒரு காலை பேட்டரி நெகட்டிவ்ல வை, இன்னொன்னை செல்ஃப் மோட்டார் பாடில வை, இப்ப அடிக்கச் சொல்லு" என்றார். இரண்டும் எர்த்தான், நடுவில் வோல்ட்டே இருக்கக் கூடாது. இருந்தாலும் கால் வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மீட்டர் 1.9 காட்டியது.

பேட்டரி கொடுக்கிற பத்தரையில் ஏறக்குறைய இரண்டு வோல்ட் செல்ஃபுக்குப் போகாமல் வழியிலேயே கரைகிறது. செல்ஃப் முந்நூறு ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு ஓமில் ஆயிரத்தில் ஆறு பங்கு தடை போதும் அதற்கு. கண்ணுக்குத் தெரியாது. பல்பு எரியும், ஹார்ன் அடிக்கும், எல்லாம் நன்றாக இருக்கிற மாதிரியே இருக்கும்.

எர்த் கேபிளைத் தேடிப் போனேன். பேட்டரியிலிருந்து வந்து கியர்பாக்ஸ் உடம்பில் ஒரு போல்ட்டில் மாட்டியிருந்தது. போல்ட் தலை சிவப்பு. கேபிள் லக்கும் சிவப்பு. கழற்றினால் லக்குக்கு அடியிலும் சிவப்பு. ஆறு வருஷத்துக்கு முந்தைய மாட்டுப் பொங்கலுக்கு வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்தோம். எர்த்தைக் கழற்றி, அந்த இடத்தையும் ஒழுங்காக அடித்து, காய்ந்தபின் பெயின்ட் மேலேயே திரும்ப மாட்டியிருக்கிறோம். அடித்தது யார் என்று கேட்காதீர்கள். அந்த வருஷமும் நான் லீவில் ஊருக்கு வந்திருந்தேன்.

எமரித் தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, விரல் தடிமனில் புதுக் கேபிள் போட்டேன். மீட்டர் 0.2 காட்டியது. செல்ஃப் சத்தமே மாறிவிட்டது. க்ர்ர்... க்ர்ர்... என்று இழுத்தது இப்போது கிர்ர்ர்ரென்று ஒரே மூச்சில் சுற்றுகிறது. அந்தப் புது பேட்டரி ஒரு வாரம் ஏன் வேலை செய்தது என்பதும் விளங்கியது. புது பேட்டரியின் கூடுதல் தெம்பு அந்த வோல்ட் இழப்பை ஒரு வாரம் மறைத்தது. நாங்கள் அதை வைத்தியம் என்று எடுத்துக்கொண்டோம்.

டேப்பெட் கேப்பும், அதாவது வால்வு இடைவெளியும், பார்த்தோம். இரண்டாவது சிலிண்டரின் எக்ஸாஸ்டில் கேஜ் நுழையவே இல்லை. வால்வு முழுசாக மூடாமல் காற்று அங்கேயும் போயிருக்கிறது. எல்லாவற்றையும் 12 தௌவுக்கு, அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்குக்கு, சித்தப்பா வைத்தார். ஆயில் பாத் ஏர் கிளீனர் கிண்ணத்தில் களிமண் மாதிரி இருந்ததை வழித்துப் போட்டேன். நாசில் மூன்றையும் டவுனில் பம்ப் கடையில் டெஸ்டில் வைத்தபோது ஒன்று தூவாமல் சொட்டியது. அதை மட்டும் மாற்றினோம்.

மொத்தச் செலவு, பேட்டரியையும் செல்ஃபையும் விட்டுவிட்டால், நாலாயிரத்துக்குள். அதில் பாதி அந்த ஒரு நாசில்.

இது ஒரே ஒரு கோளாறாக இருந்திருந்தால் யாராவது எப்போதோ கண்டுபிடித்திருப்பார்கள். பழைய வண்டியில் அப்படி இருப்பதில்லை. வேகத்தில் கொஞ்சம், டீசலில் கொஞ்சம், அமுக்கத்தில் கொஞ்சம் என்று எல்லா இடத்திலும் காலணா காலணாவாகக் குறைந்திருக்கும். ஒன்றைச் சரிசெய்தால் கொஞ்சம் தேறும், முழுசாகத் தேறாது. உடனே அது இல்லை என்று விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவுவோம். நாங்கள் பேட்டரியிலும் செல்ஃபிலும் செய்தது அதுதான். மேட்டில் நிறுத்துகிற பழக்கம் அதற்கு மேல் எல்லாவற்றையும் மூடி மறைத்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது கோபத்தில் சொல்வது. செல்ஃப் எடுக்காத வண்டிக்கு எங்கள் பக்கம் இரண்டு நாட்டு வைத்தியம் உண்டு. ஒன்று, ஏர் கிளீனர் வாயில் பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டுவது. பெட்ரோல் பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கலாம், ரிங்கை உடைக்கலாம். இரண்டாவது, தரையில் நின்றுகொண்டு செல்ஃப் மோட்டார் டெர்மினலில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் அடிப்பது. வண்டி கியரில் இருந்தால் அப்படியே கிளம்பும். அடிக்கிறவர் நிற்கிற இடம் பின் சக்கரத்துக்கு நேர் முன்னால். தயவுசெய்து செய்யாதீர்கள். வண்டி ஒரு நாள் நின்றால் நிற்கட்டும்.

இப்போது நிலவரம்: வெயில் காலத்தில் ஒரே அடி. மார்கழியில் இரண்டு, சில நாள் மூன்று. பிடித்ததும் ஒரு நிமிஷம் வெள்ளையாகப் புகைத்துவிட்டுத் தெளிகிறது. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் லேசாகப் புகை குபுகுபுக்கிறது, அதாவது ரிங் ஓரமாகக் காற்று கீழே இறங்குகிறது. ஆக, "எஞ்சின் இறங்கிடுச்சு" என்று சொன்ன அந்த மூன்றாமவர் முழுப் பொய் சொல்லவில்லை. எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதுதான் கேள்வி, அதை அளக்காமல் நாற்பதாயிரம் போட நான் தயாராக இல்லை.

டீசலுக்கான கம்ப்ரஷன் கேஜ் வாங்கி வைத்திருக்கிறேன். சிம்சன் மூன்று சிலிண்டர் எஞ்சினின் நாசில் ஓட்டையில் பொருந்துகிற அடாப்டர்தான் கிடைக்கவில்லை. மன்னார்குடி, தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டிப் பக்கம் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். ஒரு நாள் போதும், நானே வந்து வாங்கிக்கொண்டு நானே திருப்பிக் கொண்டுவந்து கொடுக்கிறேன்.